வெர்னர் ஃபோர்ஸ்மான்

வெர்னர் தியோடர் ஓட்டோ ஃபோர்ஸ்மான் (ஆகஸ்ட் 29, 1904 – ஜூன் 1, 1979) ஜெர்மனியைச் சேர்ந்த அறுவை மருத்துவரும் சிறுநீரியல் மருத்துவரும் ஆவார். 1929 ஆம் ஆண்டில், தமது கையின் சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயைத் தம் இதயம் வரை தாமே செலுத்தி, அதனை எக்ஸ்-கதிர்ப் படமாகவும் எடுத்துப் பதிவு செய்தவர். உயிருள்ள மனிதரின் இதயத்தினுள் ஒரு கருவி சென்றிருப்பதைப் படச் சான்றுடன் நிறுவிய முதல் நிகழ்வு இதுவாகும். இதற்காக 1956 ஆம் ஆண்டின் உடலியங்கியல் அல்லது மருத்துவத்துக்கான நோபல் பரிசு, ஆந்த்ரே கூர்நான், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவருடன் இவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இன்று மருத்துவமனைகளில் இதய நோயாளிகளுக்குச் செய்யப்படும், பேச்சு வழக்கில் ஆஞ்சியோ என்று சுருக்கமாகக் குறிப்பிடப்படும் ஆஞ்சியோகிராம் சோதனைக்கான வரலாற்றுத் தொடக்கங்களுள் ஒன்றாக இவரது சோதனை கருதப்படுகிறது. எனினும் இவர் அத்துறையில் நீண்டகாலம் பணியாற்றவில்லை. சோதனைக்கும் பரிசுக்கும் இடைப்பட்ட 27 ஆண்டுகளில் பெரும்பகுதியை இதய ஆய்விலிருந்து விலகிச் சிறுநீரியல் மருத்துவராகவும், படை மருத்துவராகவும், சிற்றூர் மருத்துவராகவும் கழித்தார்.

இளமையும் கல்வியும்

ஃபோர்ஸ்மான் பெர்லின் நகரில் பிறந்தார். தந்தை யூலியஸ் ஃபோர்ஸ்மான் ஒரு வழக்கறிஞர், தாய் எம்மி. பெற்றோருக்கு இவர் ஒரே குழந்தை. முதல் உலகப்போரில் தந்தை போர்க்களத்தில் இறந்துவிட, தாயின் பொறுப்பில் வளர்ந்தார். பெர்லினில் உள்ள அஸ்கானிய உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின், 1922 இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். அங்கு கேயார்க் கிளெம்பரர் என்பவரிடம் உள்மருத்துவமும், ருடால்ஃப் ஃபிக் என்பவரிடம் உடற்கூற்றியலும் கற்றார். 1929 இல் அரசு மருத்துவத் தேர்வில் தேறி, பெர்லினுக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எபெர்ஸ்வால்டே என்னும் சிறு நகரத்தின் அவுகுஸ்தே விக்டோரியா மருத்துவமனையில் அறுவை மருத்துவப் பயிற்சிக்குச் சேர்ந்தார். அம்மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவரான ரிச்சர்ட் ஷ்னைடர், ஃபோர்ஸ்மானின் குடும்பத்துக்கு அறிமுகமானவர்.

அக்காலத்தில் இதய நோய் அறிதல்

ஃபோர்ஸ்மான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், உயிருள்ள ஒருவரின் இதயத்தை மருத்துவர் வெளியிலிருந்து மட்டுமே அறிய முடிந்தது. ஸ்டெதஸ்கோப் மூலம் ஒலி கேட்பது, மார்பில் விரலால் தட்டிப் பார்ப்பது, நாடித்துடிப்பு, குருதி அழுத்தம் ஆகியவற்றை அளப்பது என்பன வழக்கமான முறைகள். வில்லெம் ஐந்தோவன் உருவாக்கிய இதய மின்துடிப்புப் பதிவான ஈ.சி.ஜி., அவருக்கு 1924 இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்திருந்தது. ஆனால் அது இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டுமேயன்றி வடிவத்தைக் காட்டாது.

1895 இல் ரோண்ட்கன் கண்டறிந்த எக்ஸ்-கதிர்களும் இதில் ஓரளவுக்கே உதவின. எக்ஸ்-கதிர் படத்தில் எலும்பு வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம், அதிலுள்ள கால்சியம் கதிர்களை மிகுதியாக உட்கவர்வதாகும். இதயத் தசையும் அதனுள் நிறைந்திருக்கும் குருதியும் கதிர்களை ஏறக்குறைய ஒரே அளவில் உட்கவர்கின்றன. எனவே படத்தில் இதயம் பிரிவுகளற்ற ஒரே நிழலாகவே தெரியும். இதயம் பெரிதாகியிருப்பதை அறியலாம். எந்த அறையில் அழுத்தம் மிகுந்துள்ளது, எந்த வால்வு சுருங்கியுள்ளது என்பனவற்றை அதிலிருந்து அறிய இயலாது. பல நோயாளிகளில் இவை இறப்புக்குப் பின் உடலைத் திறந்து பார்க்கும்போதே உறுதியாயின.

விலங்குகளின் இதயத்தினுள் குழாய் செலுத்துவது அப்போது புதிதல்ல. 1844 இல் குளோட் பெர்னார் ஒரு குதிரையின் இதயத்தினுள் குழாய் செலுத்தியிருந்தார். 1861 இல் பிரான்சு நாட்டின் ஷோவோ, மாரே ஆகியோர் குதிரையின் கழுத்துச் சிரை வழியாகக் குழாய் செலுத்தி இதய அறைகளின் அழுத்தத்தைப் பதிவு செய்தனர். இச்சோதனையைக் காட்டும் படமொன்றைப் பாடநூலில் கண்டதே ஃபோர்ஸ்மானின் எண்ணத்துக்கு வித்திட்டது. குதிரை இதனைத் தாங்குமாயின் மனிதரும் தாங்குவர் என்பது அவரது கருத்து. ஆனால் மனித இதயத்தினுள் அயற்பொருள் ஒன்று பட்டால் அது உடனே நின்றுவிடும் என்னும் அச்சம் மருத்துவரிடையே பரவலாக இருந்தது.

ஃபோர்ஸ்மானின் முதல் நோக்கம் படமெடுப்பதன்று. இதயத்துடிப்பு நின்றுவிடும் நிலையிலிருந்த நோயாளிகளுக்கு, அக்காலத்தில் மார்புச் சுவர் வழியாக ஊசியை நேராக இதயத்தில் குத்தி மருந்து செலுத்துவது வழக்கம். இதில் நுரையீரலோ இதயத்தின் மேலுள்ள குருதிக்குழாய்களோ கிழிபடும் ஆபத்து இருந்தது. கைச் சிரை வழியாக மருந்தை இதயத்துக்குக் கொண்டு செல்ல முடிந்தால் இவ்வாபத்தைத் தவிர்க்கலாம் என அவர் எண்ணினார்.

எபெர்ஸ்வால்டே சோதனை (1929)

ஃபோர்ஸ்மான் தமது திட்டத்தை ஷ்னைடரிடம் கூறியபோது, நோயாளிகளிடம் இதனைச் செய்ய அவர் அனுமதிக்கவில்லை. தம்மீதே செய்து பார்க்கிறேன் என்று கேட்டதற்கும் மறுத்துவிட்டார். கணவரை இழந்த தாயின் ஒரே மகனுக்கு ஏதேனும் நேர்ந்தால் தாம் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்பதும் அவரது மறுப்புக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. விலங்குகளில் முதலில் செய்து பார்க்குமாறு அறிவுறுத்தினார்.

1929 கோடையில் ஃபோர்ஸ்மான் தலைமை மருத்துவருக்குத் தெரியாமல் சோதனையில் இறங்கினார். கதீட்டர் எனப்படும் வடிகுழாய் இதற்குத் தேவைப்பட்டது. இதயத்துக்கெனச் செய்யப்பட்ட வடிகுழாய் அப்போது இல்லை. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் நாளத்தில் செலுத்தப் பயன்படும் மெல்லிய வடிகுழாயையே அவர் தெரிந்தெடுத்தார். முதல் முயற்சியில் உடன் பணியாற்றிய மருத்துவர் பேட்டர் ரோமைஸ், ஃபோர்ஸ்மானின் சிரையினுள் வடிகுழாயைச் செலுத்தினார். 35 சென்டிமீட்டர் உட்சென்ற நிலையில், மேலும் தொடர்வது ஆபத்து என்று கருதி ரோமைஸ் நிறுத்திவிட்டார்.

அடுத்த முயற்சிக்கு, கிருமி நீக்கிய அறுவைக் கருவிகளைப் பெறுவதற்குச் செவிலி ஒருவரின் உதவி தேவைப்பட்டது. அறுவைக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த கெர்டா டிட்சன் என்னும் செவிலி, சோதனையைத் தம்மீது செய்வதாயின் உதவுவதாக ஒப்புக்கொண்டார். ஃபோர்ஸ்மான் அவரை அறுவை மேசையில் படுக்கச் செய்து, கைகளையும் கால்களையும் கட்டினார். அவரது கையில் மருந்து தடவிச் சோதனையைத் தொடங்குவது போலக் காட்டிக்கொண்டே, மறுபுறம் தமது இடது முழங்கை மடிப்பை மரத்துப்போகச் செய்து, தோலைக் கீறிச் சிரையைத் திறந்து வடிகுழாயை உட்செலுத்தினார். நடந்தது என்னவென்று செவிலி உணர்ந்தபோது வடிகுழாய் வெகுதூரம் சென்றிருந்தது. அதன்பின் கட்டை அவிழ்த்து, எக்ஸ்-கதிர் அறைக்கு வருமாறு அவரை அழைத்துச் சென்றார்.

எக்ஸ்-கதிர் அறை கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. கையிலிருந்து குழாய் தொங்கிக்கொண்டிருக்க, ஃபோர்ஸ்மான் படிக்கட்டில் இறங்கி அங்கு சென்றார். செய்தியறிந்து ஓடிவந்த ரோமைஸ் குழாயைப் பிடுங்க முயன்றதாகவும், ஃபோர்ஸ்மான் அவரைத் தடுத்து நிறுத்தியதாகவும் கூறப்படுகிறது. ஒளிர்திரையில் தெரியும் தமது மார்பின் நிழலைத் தாமே காண்பதற்காகச் செவிலியை ஒரு கண்ணாடியைப் பிடிக்கச் செய்து, அதைப் பார்த்தபடியே குழாயை மேலும் தள்ளினார். சுமார் 65 சென்டிமீட்டர் நீளத்துக்கு உட்சென்றதும், முனை இதயத்தின் வலது மேலறையை அடைந்தது. அந்நிலையில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்பட்டது.

இச்சோதனை பற்றி ஃபோர்ஸ்மான் 1929 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்கும், பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய தன்வரலாற்றுக்கும் இடையே விவரங்களில் வேறுபாடுகள் உள்ளன. செவிலியைக் கட்டிவைத்த செய்தி கட்டுரையில் இடம்பெறவில்லை; முதலில் பிணத்தில் செய்து பார்த்ததாகவே கட்டுரை தொடங்குகிறது. வடிகுழாய் சென்ற தொலைவும் படமும் ஐயத்துக்கு இடமற்றவை.

வடிகுழாய் சென்ற பாதை

முழங்கை மடிப்பில் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் சிரை, மேற்கை வழியாக அக்குளை அடைந்து, காறையெலும்பின் கீழாக மார்பினுள் நுழைகிறது. அங்கிருந்து மேற்பெருஞ்சிரை வழியாக இதயத்தின் வலது மேலறையில் சேர்கிறது. சிரைகளிலுள்ள வால்வுகள் இதயத்தை நோக்கியே திறப்பவை. மேலும் இதயத்தை நெருங்க நெருங்கச் சிரைகள் அகன்றுகொண்டே போகின்றன. இதனால் குருதி ஓடும் திசையிலேயே தள்ளப்படும் மெல்லிய குழாய் பெரிய தடையின்றி இதயத்தை அடைகிறது. குருதிக்குழாய்களின் உட்சுவரில் வலி உணர்வு அநேகமாக இல்லை. குழாய் நகரும்போது ஒரு வெதுவெதுப்பான உணர்வும், காறையெலும்பின் அருகே வந்தபோது சிறிது இருமல் உணர்வும் மட்டுமே ஏற்பட்டன என்று ஃபோர்ஸ்மான் பதிவு செய்துள்ளார்.

கட்டுரையும் எதிர்வினையும்

படத்தைக் கண்ட ஷ்னைடர் தமது கட்டளை மீறப்பட்டதற்காகக் கண்டித்தார். ஆயினும் அதன் மதிப்பை உணர்ந்து, கட்டுரையாக எழுத ஊக்குவித்தார். பின்னர் சாகும் நிலையிலிருந்த ஒரு பெண் நோயாளிக்கு இம்முறையில் மருந்து செலுத்தவும் இசைந்தார். குடல்வால் வெடித்து வயிற்றறை முழுவதும் அழற்சி கண்டிருந்த அந்நோயாளி, மருந்து செலுத்தப்பட்டபின் சிறிது தேறினார் எனினும் பின்னர் இறந்துபோனார்.

வலது இதயத்தினுள் குழாய் செலுத்துதல் பற்றிய ஃபோர்ஸ்மானின் கட்டுரை 1929 நவம்பரில் கிளினிஷே வோகன்ஷ்ரிஃப்ட் என்னும் ஜெர்மன் மருத்துவ வார இதழில் வெளியானது. வெளியானவுடன் முன்னுரிமைச் சிக்கல் எழுந்தது. 1912 ஆம் ஆண்டளவிலேயே தாமும் ஃபிரிட்ஸ் பிளைக்ரோடர் முதலியோரும் குருதிக்குழாய்களில் வடிகுழாய் செலுத்தியுள்ளதாக எர்ன்ஸ்ட் உங்கர் என்னும் மருத்துவர் உரிமை கோரினார். அவர்களிடம் எக்ஸ்-கதிர்ப் படச் சான்று இல்லை. எனினும் அவர்களது பணியைக் குறிப்பிட்டு ஃபோர்ஸ்மான் ஒரு பிற்சேர்க்கை எழுத வேண்டியதாயிற்று.

இதற்கிடையே அவர் பெர்லினின் புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையில், அறுவை மருத்துவப் பேராசிரியர் ஃபெர்டினாண்ட் சாவர்புருக் என்பவரின் பிரிவில் ஊதியமில்லாத பணியில் சேர்ந்திருந்தார். நாளிதழ்கள் இச்சோதனையைப் பரபரப்புச் செய்தியாக்கின. சாவர்புருக் இதனை வித்தை காட்டும் செயலாகவே கருதியதாகவும், விரைவில் ஃபோர்ஸ்மான் அங்கிருந்து நீக்கப்பட்டதாகவும் வரலாறு கூறுகிறது. ஃபோர்ஸ்மான் மீண்டும் எபெர்ஸ்வால்டே திரும்பினார்.

இதயத்தைப் படமெடுக்கும் முயற்சி (1930–1931)

இரண்டாம் கட்டத்திலேயே ஃபோர்ஸ்மான் நேரடியாகப் படமெடுப்பு நோக்கிச் சென்றார். குழாயின் நிழல் மட்டும் தெரிந்தால் போதாது. இதய அறைகளின் வடிவமும் தெரிய வேண்டும். இதற்கு எக்ஸ்-கதிர்களை மிகுதியாக உட்கவரும் ஒரு திரவத்தைக் குருதியுடன் கலக்க வேண்டும். அயோடின் அணுவெண் 53 கொண்ட கனமான தனிமம் ஆதலால் இதற்கு ஏற்றது. அயோடின் சேர்மங்கள் சிறுநீரகப் படமெடுப்பில் அப்போதே பயன்படத் தொடங்கியிருந்தன. ஆனால் சாதாரண ஊசி வழியாகக் கைச் சிரையில் செலுத்தினால், அத்திரவம் இதயத்தை அடைவதற்குள் குருதியில் கரைந்து நீர்த்துவிடும். வடிகுழாய் மூலம் இதய அறையினுள்ளேயே செலுத்தினால் செறிவு குறையாமல் அறையின் வடிவத்தைக் காட்டும்.

முதலில் முயல்களில் செய்த சோதனைகள் தோல்வியடைந்தன. பின்னர் நாய்களில் செய்து, உயிருள்ள விலங்கின் வலது இதய அறைகளையும் நுரையீரல் தமனியையும் படத்தில் காட்டுவதில் வெற்றி கண்டார். சோதனைக்கான நாய்களைத் தமது தாயின் பெர்லின் வீட்டில் வைத்திருந்ததையும், மயக்க மருந்து கொடுத்து அவற்றை மோட்டார் சைக்கிளில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றதையும் அவர் பின்னாளில் விவரித்துள்ளார். அதன்பின் அயோடின் திரவத்தைத் தமது இதயத்தினுள்ளும் செலுத்திக்கொண்டார். உயிருக்கு ஆபத்து நேரவில்லை. ஆனால் ஓடும் குருதியில் சில நொடிகளில் கடந்துவிடும் திரவத்தைத் தெளிவாகப் பிடிக்கும் வேகம் அக்கால எக்ஸ்-கதிர்க் கருவிகளுக்கு இல்லாததால், படம் தெளிவாக அமையவில்லை.

இம்முடிவுகளை 1931 இல் கட்டுரையாக வெளியிட்டதுடன், ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத்தின் மாநாட்டிலும் எடுத்துரைத்தார். அங்கு குறிப்பிடத்தக்க வரவேற்பு கிடைக்கவில்லை. அதே ஆண்டில் போர்ச்சுகலில் எகாஸ் மோனிஸும் அவரது குழுவினரும் ஃபோர்ஸ்மானின் முறையைப் பின்பற்றி நுரையீரல் குருதிக்குழாய்களைப் படமெடுத்தனர். பிராகா நகரில் ஓட்டோ கிளைன் 1930 இலேயே இம்முறையால் நோயாளிகளின் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவைக் கணித்திருந்தார். பிறந்த நாட்டைவிட வெளிநாடுகளிலேயே இம்முறையின் பயன் முதலில் உணரப்பட்டது எனலாம்.

இதய ஆய்விலிருந்து விலகல்

1931 இல் மீண்டும் ஷாரிட்டேயில் இடம் கிடைத்தது. ஆயினும் 1932 இல் அங்கிருந்து மறுமுறையும் நீக்கப்பட்டார். மைன்ஸ் நகர மருத்துவமனையில் பணியாற்றியபோது, உடன் பணியாற்றிய மருத்துவர் எல்ஸ்பெட் எங்கெல் என்பவரை 1933 இல் மணந்தார். கணவனும் மனைவியும் ஒரே மருத்துவமனையில் பணியாற்ற விதிமுறை இடமளிக்காததால் அங்கிருந்தும் விலக நேர்ந்தது. பெர்லினின் ருடால்ஃப் விர்ச்சோ மருத்துவமனையில் கார்ல் ஹாய்ஷ் என்பவரிடம் சிறுநீரியலில் சிறப்புப் பயிற்சி பெற்றார். பின்னர் டிரெஸ்டன் நகரிலும், பெர்லினின் மோவாபிட் பகுதியிலும் உள்ள மருத்துவமனைகளில் அறுவை மருத்துவப் பிரிவில் உயர் பொறுப்புகளை வகித்தார். இதய ஆய்வை அவர் மீண்டும் தொடங்கவில்லை.

நாசிக் கட்சியும் போரும்

ஃபோர்ஸ்மான் 1932 இல், அதாவது இட்லர் ஆட்சியைக் கைப்பற்றுவதற்கு முந்தைய ஆண்டிலேயே நாசிக் கட்சியில் சேர்ந்தார். 1945 வரை அதன் உறுப்பினராக இருந்தார். எனவே ஆட்சிக்கு வந்தபின் ஏற்பட்ட கட்டாயத்தால் சேர்ந்தவராக அவரைக் கருத இயலாது. அவரது வாழ்க்கையில் மிகுதியாகக் குறைகூறப்படும் பகுதி இதுவாகும்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படையில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றி மேஜர் நிலைக்கு உயர்ந்தார். போரின் இறுதியில், சோவியத் படையிடம் சிக்காமல் இருக்க எல்பே ஆற்றை நீந்திக் கடந்து அமெரிக்கப் படையிடம் சரணடைந்தார். 1945 இன் பிற்பகுதியில் விடுதலையானார். முன்னாள் கட்சி உறுப்பினர் என்பதால் சுமார் மூன்றாண்டுகள் மருத்துவத் தொழில் செய்ய அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அக்காலத்தில் கருங்காட்டுப் பகுதியில் மரம் வெட்டும் வேலை செய்தார். குடும்பத்துக்கு மனைவியின் மருத்துவத் தொழிலே ஆதாரமாக இருந்தது. தடை நீங்கியபின் மனைவியுடன் சிற்றூர் மருத்துவராகப் பணிபுரிந்து, 1950 இல் பாத் கிராய்ட்ஸ்நாக் நகரில் சிறுநீரியல் மருத்துவரானார்.

கூர்நான், ரிச்சர்ட்ஸ் ஆகியோரின் பணி

ஃபோர்ஸ்மான் கைவிட்ட பாதையை நியூயார்க்கில் இருவர் தொடர்ந்தனர். பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றிய ஆந்த்ரே கூர்நானும் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் நுரையீரல், இதயம் ஆகியவற்றின் இயக்கத்தை ஆராய்ந்துவந்தனர். இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதியின் அளவைக் கணிக்க அடால்ஃப் ஃபிக் 1870 இல் ஒரு கோட்பாட்டை வகுத்திருந்தார். நுரையீரலில் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவை, நுரையீரலுக்குள் செல்லும் குருதிக்கும் அங்கிருந்து வரும் குருதிக்கும் இடையேயான ஆக்சிஜன் வேறுபாட்டால் வகுத்தால் அவ்வளவு கிடைக்கும். இதற்கு உடல் முழுவதிலிருந்தும் வந்து கலந்த சிரைக்குருதி தேவை; அது கிடைக்கும் இடம் வலது இதயமும் நுரையீரல் தமனியுமே. ஃபோர்ஸ்மானின் முறை அதற்கு வழிகாட்டியது.

1936 முதல் விலங்குகளில் பல ஆண்டுகள் செய்து பார்த்தபின், 1941 இல் மனிதரில் செய்த முடிவுகளைக் கூர்நான் வெளியிட்டார். வடிகுழாயைப் பல மணி நேரம் இதயத்தில் வைத்திருக்கலாம் என்பது உறுதியாயிற்று. போர்க்காலத்தில் குருதியிழப்பால் அதிர்ச்சி நிலையிலிருந்தோர் மீதும், பின்னர் பிறவி இதயக் குறைபாடு உள்ளோர் மீதும் இச்சோதனை செய்யப்பட்டது. ஒவ்வொரு அறையின் அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் ஒப்பிடுவதன் மூலம், இதயத்தின் இடைச்சுவரில் துளை உள்ளதா, வால்வு சுருங்கியுள்ளதா என்பதை அறுவைக்கு முன்பே கூற முடிந்தது. திறந்த இதய அறுவை வளர்வதற்கு இது இன்றியமையாததாக அமைந்தது.

நோபல் பரிசு

1954 இல் ஜெர்மன் அறிவியல் கழகத்தின் லைப்னிட்ஸ் பதக்கம் ஃபோர்ஸ்மானுக்கு வழங்கப்பட்டது. 1956 இல் இதய வடிகுழாய் முறைக்கும், குருதிச் சுற்றோட்டத்தின் நோய் மாற்றங்கள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்குமாக நோபல் பரிசு மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்போது அவர் ஒரு சிறு நகரச் சிறுநீரியல் மருத்துவராகவே இருந்தார். அவ்வாண்டிலேயே மைன்ஸ் பல்கலைக்கழகம் அவரை மதிப்புறு பேராசிரியராக்கியது.

பரிசுக்குப் பின், இதயக் குருதியோட்ட ஆய்வு நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறுப்பை ஏற்குமாறு கேட்கப்பட்டபோது, அத்துறை தம்மைக் கடந்து வெகுதூரம் வளர்ந்துவிட்டது என்று கருதி அவர் மறுத்துவிட்டார். 1958 முதல் டுசல்டார்ஃப் நகரின் எவாஞ்சலிக்கல் மருத்துவமனையில் அறுவை மருத்துவப் பிரிவின் தலைவராகப் பணியாற்றினார். 1961 இல் அர்ஜென்டினாவின் கோர்டோபா பல்கலைக்கழகம் மதிப்புறு பேராசிரியர் பட்டம் அளித்தது. அவரது தன்வரலாறு ஜெர்மன் மொழியில் 1972 இலும், ஆங்கிலத்தில் 1974 இலும் வெளியானது.

பிற்கால வளர்ச்சி

ஃபோர்ஸ்மான் கொரோனரி ஆஞ்சியோகிராமைக் கண்டுபிடித்தவர் எனச் சில இடங்களில் குறிப்பிடப்படுவதுண்டு. இது சரியன்று. அவர் சென்றது சிரை வழியாக இதயத்தின் வலது பக்கத்துக்கு. மாரடைப்புக்குக் காரணமான அடைப்புகள் இதயத் தசைக்குக் குருதி கொடுக்கும் கொரோனரி தமனிகளில் ஏற்படுகின்றன. அவற்றைக் காணத் தமனி வழியாக, குருதியோட்டத்துக்கு எதிர்த்திசையில், பெருந்தமனியின் தொடக்கம் வரை செல்ல வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே பல படிகள் இருந்தன.

1953 இல் சுவீடனின் ஸ்வென் செல்டிங்கர், தோலைக் கீறாமல் ஊசியாலும் மெல்லிய கம்பியாலும் தமனிக்குள் வடிகுழாய் செலுத்தும் எளிய முறையை வகுத்தார். 1958 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளியின் பெருந்தமனியைப் படமெடுக்க முயன்றபோது, குழாயின் முனை தற்செயலாக வலது கொரோனரி தமனிக்குள் நழுவி, அயோடின் திரவம் முழுவதும் அதற்குள் பாய்ந்துவிட்டது. நோயாளியின் இதயம் சில நொடிகள் நின்று, அவரை இருமச் செய்ததும் மீண்டும் துடித்தது. கொரோனரி தமனிகளும் இத்திரவத்தைத் தாங்கும் என்பது இவ்வாறு தெரியவந்தது. 1977 இல் ஜூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருன்ட்சிக் வடிகுழாய் முனையிலுள்ள சிறு பலூனை விரித்துக் கொரோனரி அடைப்பை நீக்கினார். நோயைக் காணப் பயன்பட்ட குழாய், நோயைத் தீர்க்கவும் பயன்படலாயிற்று.

உடலுக்குள் நுழையாமலே இதயத்தைக் காணும் முறைகளும் வளர்ந்தன. 1953 இல் சுவீடனில் இங்கே எட்லர், ஹெல்முட் ஹெர்ட்ஸ் ஆகியோர் மீயொலி கொண்டு இதயத்தை ஆராய்ந்தனர். எக்கோ எனப்படும் சோதனை அதிலிருந்து வந்தது. இதனால் வால்வுக் கோளாறு, பிறவித் துளை முதலியவை பெரும்பாலும் எக்கோவினாலேயே அறியப்படுகின்றன. கொரோனரி தமனிகளைக் காண சி.டி. ஆஞ்சியோகிராமும், இதயத் தசையை ஆராய எம்.ஆர்.ஐ. படமும் பயன்படுகின்றன. இருப்பினும் அறைகளின் அழுத்தத்தை நேரடியாக அளக்கவும், அடைப்பைக் கண்டவுடன் அங்கேயே நீக்கவும் வடிகுழாய் முறையே தேவைப்படுகிறது.

அறநெறி சார்ந்த கருத்துகள்

ஃபோர்ஸ்மானின் சோதனை, மருத்துவர் தம்மீதே செய்துகொள்ளும் சோதனைகளுக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. பிறருக்கு ஆபத்து விளைவிக்காமல் தாமே ஏற்றுக்கொண்டது இதன் சிறப்பாகக் கருதப்படுகிறது. மறுபுறம், தலைமை மருத்துவரின் மறுப்பை மீறியதும், செவிலியை ஏமாற்றி மேசையில் கட்டியதும் இன்றைய நெறிமுறைகளின்படி ஏற்கத்தக்கவை அல்ல. அவர் இறந்திருந்தால் கெர்டா டிட்சன் எத்தகைய பழிக்கு ஆளாகியிருப்பார் என்பது பெரும்பாலான வரலாறுகளில் பேசப்படுவதில்லை. அறிந்தே உடன்பட்டு, ஆபத்தைத் தம்மீதே ஏற்க முன்வந்தவர் அவர் என்பதும் கருதத்தக்கது.

நாசி மருத்துவர்களின் மனிதச் சோதனைகளைத் தொடர்ந்து 1947 இல் வகுக்கப்பட்ட நியூரம்பெர்க் நெறிமுறை, இறப்போ ஊனமோ விளைவிக்கும் என்று முன்கூட்டியே கருதத்தக்க சோதனைகளைத் தடை செய்கிறது. சோதனை செய்யும் மருத்துவரே தம்மை அதற்கு உட்படுத்திக்கொள்ளும் நிலையை மட்டும் ஒருவேளை விலக்காகக் கொள்ளலாம் என்கிறது. ஃபோர்ஸ்மானின் செயல் அவ்விலக்கில் அடங்கக்கூடியது. அவர் உறுப்பினராக இருந்த கட்சியின் ஆட்சியில் நடந்த கொடுமைகளே அந்நெறிமுறைக்குக் காரணமாயின.

குடும்பமும் இறப்பும்

ஃபோர்ஸ்மான் – எல்ஸ்பெட் இணையருக்கு ஐந்து மகன்களும் ஒரு மகளுமாக ஆறு குழந்தைகள். மனைவியும் சிறுநீரியலில் சிறப்புத் தகுதி பெற்றவர். மகன்களுள் வோல்ஃப் ஃபோர்ஸ்மான் இதய மேலறையில் சுரக்கும் ஒரு ஹார்மோன் பற்றிய ஆய்வில் ஈடுபட்டார். பெர்ன்ட் ஃபோர்ஸ்மான் சிறுநீரகக் கற்களை அதிர்வலையால் உடைக்கும் கருவியின் உருவாக்கத்தில் பங்கேற்றார்.

ஓய்வுக்குப் பின் கருங்காட்டுப் பகுதியில் வாழ்ந்த ஃபோர்ஸ்மான், 1979 ஜூன் 1 அன்று மேற்கு ஜெர்மனியின் ஷோப்ஃஹைம் நகரில் தமது 74 ஆம் அகவையில் இதயச் செயலிழப்பினால் காலமானார். அவர் சோதனை செய்த எபெர்ஸ்வால்டே மருத்துவமனை, ஜெர்மனி ஒன்றிணைந்தபின் அவர் பெயரால் வழங்கப்படுகிறது.

எதிர்ப்பாற்றலியலில் குறிப்பிடப்படும் ஃபோர்ஸ்மான் எதிர்ச்செனி, இவரது பெயரால் அமைந்ததன்று. அது யோன் ஃபோர்ஸ்மான் என்னும் சுவீடன் நாட்டு அறிவியலாளரின் பெயரால் அமைந்ததாகும்.